330 கிராம் ரிவால்வரை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறேன். இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, அன்றைய வசூலோடு காருக்குத் தனியாக நடந்து போவது வழக்கம். இரண்டு முறை ஒருவன் பின்தொடர்ந்து வந்துவிட்டான். அதனால் முறைப்படி விண்ணப்பித்து, ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் வாங்கிவிட்டேன். துப்பாக்கிக் கடையில் 330 கிராம் எடையுள்ள .357 மேக்னம் ரிவால்வரைக் காட்டி, "பெண்கள் கைக்கு இதுதான் பொருத்தம், கைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது" என்றார்கள். தம்பி பிஸ்டல்தான் வாங்க வேண்டும் என்கிறான். எனக்கு வலது மணிக்கட்டில் பழைய வலி உண்டு. வீட்டில் ஒன்பது வயது மகன் இருக்கிறான். எதை வாங்குவது, எப்படி எடுத்துப் போவது?

பதில்: சகோதரி, அந்த 330 கிராம் ரிவால்வரை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது எடை குறைந்த துப்பாக்கி சுகமாகத்தான் இருக்கும். சுட்டுப் பார்த்தால்தான் வேறு கதை. ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை பாதியானால், உங்கள் கையில் வந்து மோதும் ஆற்றல் இரண்டு மடங்காகும். அதோடு .357 மேக்னம் தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் .38 ஸ்பெஷல் என்ற சாதாரணத் தோட்டாவைப் போல இரண்டு மடங்கு. மிக லேசான துப்பாக்கியில் மிகக் கடுமையான தோட்டாவைப் போட்டு, மணிக்கட்டு வலி உள்ள ஒருவரிடம் பொருத்தம் என்று சொல்லிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் ஆரம்பத்தில் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். முதல் நாள் பத்துத் தோட்டா சுடுவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்துவிட்டது. அது ஒரு வாரத்தில் ஆறியது. ஆனால் சுடுவதற்கு முந்திய நொடியில் உதைக்குப் பயந்து கை தானாகக் கீழே இறங்கும் பழக்கம் ஒன்று அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, அதை விரட்ட எனக்குப் பல மாதம் பிடித்தது. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலரும் இதே பயத்தோடுதான் வருகிறார்கள். வலிக்கிற துப்பாக்கியை யாரும் சுட்டுப் பழகுவதில்லை, அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

துப்பாக்கிக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஒரே நேரத்தில், ஒரே வழியில், பணத்தோடு தனியாக நடக்கிறீர்கள். அதை முதலில் மாற்றுங்கள். பணத்தைக் கடையிலேயே இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பகலில் எடுத்துப் போகலாம். பூட்டும் நேரத்தை முன்பின்னாக மாற்றலாம். காரை வெளிச்சத்தில், கடை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். பக்கத்துக் கடைக்காரர் யாராவது பூட்டும்போது சேர்ந்து வெளியே வரலாம். அப்படியும் ஒருவன் வந்து பணத்தைக் கேட்டால், கொடுத்துவிட்டு நகருங்கள். பெரும்பாலான நாட்டுச் சட்டங்கள் உயிருக்கோ உடலுக்கோ உடனடியான பேராபத்து வரும்போதுதான் துப்பாக்கியைப் பயன்படுத்த இடம் தருகின்றன, பணப்பையைக் காப்பாற்ற அல்ல. இந்த எல்லை இடத்துக்கு இடம் நுணுக்கமாக மாறும். எங்கெங்கே ஆயுதத்தோடு நுழையக் கூடாது, நுழைய நேர்ந்தால் காரில் எப்படிப் பூட்டி வைப்பது என்பதும் மாறும். உரிமம் வாங்கும்போது கொடுத்த கையேட்டை மறுபடி ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

சரி, பிஸ்டலா ரிவால்வரா? ரிவால்வரில் தோட்டாக்கள் சிலிண்டர் என்ற சுழலும் உருளையில் இருக்கும், பிஸ்டலில் கைப்பிடிக்குள் செருகும் பெட்டியில் இருக்கும். உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிஸ்டலில் தோட்டா அதிகம், ட்ரிகர் (சுடும் விசை) லேசு, மறுபடி நிரப்புவது வேகம், தட்டையாக இருப்பதால் மறைப்பதும் சுலபம். ஆனால் அதன் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதியை, பின்னால் இழுக்கக் கையில் பலம் வேண்டும். சுடும்போது மணிக்கட்டு தளர்ந்து கொடுத்தால் சில பிஸ்டல்கள் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் சிக்கிக்கொள்ளும், உங்கள் மணிக்கட்டை நினைத்தால் எனக்கு அதுதான் கவலை. ரிவால்வருக்கு மணிக்கட்டு எப்படி இருந்தாலும் ஒன்றுதான். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி ட்ரிகரை அழுத்தினால் அடுத்தது வந்து நிற்கும். தாக்குகிறவன் மேலே விழுந்து கட்டிப் பிடித்துவிட்டான், துப்பாக்கி அவன் உடம்போடு ஒட்டி அழுந்தியிருக்கிறது என்றால், அந்த நிலையில் பல பிஸ்டல்களின் ஸ்லைடு பின்னால் தள்ளப்பட்டுச் சுடாமல் போய்விடும். ரிவால்வர் சுடும். சிலிண்டரைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதனால்தான் உங்களுக்கு ரிவால்வரே சரி என்கிறேன்.

ஆனால் "ரிவால்வர் எளிது" என்று கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வைத்துக்கொள்ள எளிது, பராமரிக்க எளிது. நன்றாகச் சுடுவது கடினம். சிறிய ரிவால்வரில் முதல் தோட்டா முதல் கடைசித் தோட்டா வரை ஒவ்வொன்றுக்கும் ட்ரிகரை நீளமாக இழுக்க வேண்டும், அதற்குக் கிட்டத்தட்ட ஐந்து கிலோ அழுத்தம் தேவைப்படும். அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் ஒரு முனையில் ஐந்து கிலோ அழுத்தம் கொடுத்தால் அது ஆடத்தான் செய்யும். குழல் இரண்டு அங்குலம்தான் இருக்கும், அதன் மேல் குறி பார்க்க வைத்திருக்கும் முனையும் சின்னது, அதனால் கொஞ்சம் ஆடினாலும் தோட்டா வெகுதூரம் விலகிப் போகும். அனுபவம் உள்ளவர்களே இந்தச் சின்ன ரிவால்வரோடு போராடுவதை நான் பார்த்திருக்கிறேன். முதன்முதலாகத் துப்பாக்கி பழகுகிறவர் கையில் எடை மிகக் குறைந்ததைக் கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அதனால் எஃகில் செய்த, 600 கிராமுக்கு மேல் எடையுள்ள ரிவால்வரைப் பாருங்கள். ரூகர் எஸ்பி101 சுமார் 730 கிராம், ஐந்து தோட்டா. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 640 அதைவிட ஏறத்தாழ நூறு கிராம் குறைவு, அதுவும் ஐந்து தோட்டாதான். கிம்பர் கே6எஸ் இந்த அளவிலேயே ஆறு தோட்டா கொள்ளும், ட்ரிகரும் வழவழப்பாக இருக்கும். மூன்றும் .357 மேக்னத்துக்காகச் செய்யப்பட்டவை, ஆனால் மூன்றிலும் .38 ஸ்பெஷல் போட்டுச் சுடலாம், நீங்கள் அதைத்தான் போடப் போகிறீர்கள். இதைத் தலைகீழாகச் செய்ய முடியாது, .38 ரிவால்வரில் மேக்னம் போடக் கூடாது. அலுமினியக் கலவையில் வரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ரூகர் எல்சிஆர் இரண்டும் 400 கிராம் வாக்கில் இருக்கும், நிறையப் பேர் சுமப்பது இவற்றைத்தான். கெட்ட துப்பாக்கிகள் இல்லை, அதிலும் எல்சிஆரின் ட்ரிகர் அதன் விலைக்கு மிக நன்றாக இருக்கும். ஒரு வருடம் எஃகுத் துப்பாக்கியில் பழகிய பிறகு வேண்டுமானால் அந்தப் பக்கம் போகலாம்.

ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்காத மாடலாகப் பாருங்கள். வெளியே நீளும் ஹேமர் துணியில் மாட்டும், பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது அவசரத்தில் காலை வாரிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பயத்தில் கட்டைவிரலால் ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டால், ஐந்து கிலோ கேட்ட ட்ரிகர் ஒன்றரைக் கிலோவிலேயே விழுந்துவிடும். நடுங்குகிற கைக்கு அது வேண்டாம். எஸ்பி101 ஹேமர் வெட்டப்பட்ட வகையிலும் கிடைக்கிறது, 640-இல் ஹேமர் உள்ளேயே மறைந்திருக்கும். பழைய ரிவால்வர் ஏதாவது மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். நூறு வருடப் பழையவற்றில் சில கீழே விழுந்தாலே வெடிக்கும், இப்போதையவற்றில் அதைத் தடுக்க உள்ளே தனி ஏற்பாடு இருக்கிறது.

கைப்பிடியைப் பற்றி ஒரே ஒரு சோதனை. பிடித்துப் பாருங்கள், சுண்டுவிரல் காற்றில் தொங்கினால் கைப்பிடி சிறியது. ரப்பரில் கொஞ்சம் பெரிய கைப்பிடி தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். உதையில் பாதித் தொல்லை அங்கேயே குறையும். அப்புறம், இரண்டாவது கையின் கட்டைவிரலைச் சிலிண்டருக்கு முன்பக்கம் கொண்டு போகவே கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளி வழியாகச் சூடான வாயு பீறிடும், அது சதையை அறுக்கும்.

தோட்டா விஷயத்தில் கடைகளில் பெரிய விவாதமே நடக்கும். அமெரிக்காவில் 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ ஒரு சோதனை முறையை வகுத்தது. சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் தோட்டா குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் போக வேண்டும் என்பது அதன் அளவுகோல். இரண்டு அங்குலக் குழலிலிருந்து போகும் .38 தோட்டாவுக்கு வேகம் குறைவு. அதனால் விரிவதற்கென்றே செய்த குழிமுனைத் தோட்டாக்கள் பல, துணியைத் துளைத்துப் போகும்போது விரியாமலே போய்விடுகின்றன. அதற்காகத்தான் பல பயிற்சியாளர்கள் 148 கிரெயின் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள வாட்கட்டர் என்ற தட்டை முனைத் தோட்டாவைச் சொல்கிறோம். காகித இலக்கைச் சுடுவதற்காக வந்த தோட்டா அது, உதை மிகக் குறைவு, விரியாவிட்டாலும் தேவையான ஆழம் போகும். உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான். மேக்னத்தின் கூடுதல் பலத்தில் ஒரு பகுதி இவ்வளவு குட்டைக் குழலில் வெளிச்சமாகவும் சத்தமாகவும் வெளியே போகும். இருட்டில் அந்த வெளிச்சம் உங்கள் கண்ணைத்தான் முதலில் கூச வைக்கும்.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. லேசான ரிவால்வர் உதைக்கும் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் ஈயமுனை அதன் பித்தளைக் கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வெளியே வரும். ஓரளவுக்கு மேல் வந்துவிட்டால் சிலிண்டரே சுற்றாமல் பூட்டிக்கொள்ளும், அதைக் கையால் சரிசெய்ய உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். எந்தத் தோட்டாவைச் சுமக்கப் போகிறீர்களோ அதில் ஐந்தை நிரப்பி, ஒன்றின் அடியில் பேனாவால் குறி போட்டு அதைக் கடைசியாக வையுங்கள். நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை எடுத்துப் புதிய தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்த வகை உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.

இப்போது கைப்பை. சகோதரி, கைப்பை வேண்டவே வேண்டாம். பின்தொடர்ந்து வருகிறவன் முதலில் பிடுங்குவது எதை? கைப்பையைத்தான். துப்பாக்கியும் அவன் கைக்குப் போய்விடும். அது பையின் எந்த மூலையில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று தெரியாது, சாவியும் பேனாவும் ட்ரிகர் வளையத்துக்குள் நுழையலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குள் வந்ததும் பையை நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவீர்கள், மகன் பேனா தேடிப் பைக்குள் கை விடுவான். பையைக் கீழே வைக்காமல் ஒரு நாள் முழுக்க இருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி உடம்போடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது.

உடம்பில் எங்கே? நீங்கள் மருந்துக்கடையில் நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். மேல் தட்டிலிருந்து பெட்டி எடுக்கக் கையை உயர்த்துகிறீர்கள், மேல்சட்டை தூக்கும். கீழ் அறையைத் திறக்கக் குனிகிறீர்கள், முதுகுப் பக்கம் வைத்திருந்தால் பிடி துருத்திக்கொண்டு வெளியே தெரியும். அதனால் முதுகுப் பக்கத்தை விட்டுவிடுங்கள். இடுப்புக்கு உள்ளே, முன்பக்கமாக, வலது இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் உள்தள்ளி வைத்தால் குனிந்தாலும் தெரியாது, உட்கார்ந்தபடியே எடுக்கவும் முடியும். ஆனால் அங்கே குழல் உங்கள் தொடையையே பார்த்துக்கொண்டிருக்கும், நல்ல ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இல்லாமல் அந்த இடத்தில் வைக்க யாரையும் நான் அனுமதிப்பதில்லை.

நல்ல ஹோல்ஸ்டர் என்றால் ட்ரிகர் வளையத்தை முழுக்க மூடியிருக்க வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் ட்ரிகர் அசையாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் துப்பாக்கி விழக் கூடாது, துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அந்த மாடலுக்கென்றே அச்சில் வார்த்த கெட்டி பிளாஸ்டிக், அல்லது தடித்த தோல். துணியில் தைத்த மலிவான பை வேண்டாம். கூடவே தடித்த பெல்ட்டும் வாங்குங்கள், 700 கிராமைச் சாதாரண பெல்ட் தாங்காது, சாயந்திரத்துக்குள் தொங்கிப்போய் இடுப்பு வலிக்கும், அப்புறம் துப்பாக்கியின் மேல் பழி போடுவீர்கள். பெல்ட் போடாத உடை என்றால் வயிற்றைச் சுற்றி அணியும் பட்டையில் கெட்டி ஹோல்ஸ்டர் பொருத்தி வருவதைப் பாருங்கள். பாக்கெட்டிலும் வைக்கலாம், உள்ளே பாக்கெட் ஹோல்ஸ்டர் இருக்க வேண்டும், அந்தப் பாக்கெட்டில் ஒரு சில்லறைக் காசுகூட வேறு எதுவும் இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை திறந்து பஞ்சையும் தூசியையும் துடைத்துவிடுங்கள். கணுக்கால் ஹோல்ஸ்டர் உங்கள் வேலைக்கு ஒத்துவராது.

முதல் வாரம் தோட்டா இல்லாமல், வீட்டுக்குள்ளேயே அணிந்து பழகுங்கள். குனியுங்கள், காரில் ஏறி இறங்குங்கள், கழிவறைக்குப் போங்கள். கழிவறையில்தான் நிறையப் பேர் துப்பாக்கியைத் தனியாக எடுத்து எங்காவது வைத்துவிட்டு மறந்து வருகிறார்கள். ஹோல்ஸ்டரை விட்டு எடுக்காமலே சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்ஸ்டரில் திரும்ப வைப்பதில் அவசரமே கூடாது. கண்ணால் பார்த்து, விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டி, சட்டை நுனி உள்ளே போகவில்லை என்று உறுதி செய்து, மெதுவாக.

பழகுவதற்குத் தினமும் பத்து நிமிடம் போதும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரைத் திறந்து இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டா துளைக்க முடியாத சுவர்ப் பக்கமாகக் குறி வைத்து வெறும் ட்ரிகரை இழுத்துப் பழகுங்கள். விரலின் முதல் மடிப்பு ட்ரிகரில் இருக்கட்டும், நுனி மட்டும் இருந்தால் ஐந்து கிலோவை இழுக்க முடியாது. குழல் நுனியில் இருக்கும் குறி பார்க்கும் முனையின் மேல் ஒரு காசை வைத்து, அது விழாமல் ட்ரிகரை முழுக்க இழுக்க முடிகிறதா பாருங்கள். போலித் தோட்டா போட்டுப் பழகினால் துப்பாக்கிக்கும் நல்லது. சுடுதளத்தில் மூன்று மீட்டரில் தொடங்கி ஏழு மீட்டர் வரை போனால் போதும், ஐந்து தோட்டாவும் அரைத் தாள் அளவுக்குள் விழ வேண்டும், விழுந்த பிறகுதான் வேகம். காலிக் கூடுகளை வெளியேற்றும்போது குழலை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, தள்ளுகோலை உள்ளங்கையால் ஒரே அடி அடியுங்கள். மெதுவாகத் தள்ளினால் குட்டைக் கோல் கூடுகளைப் பாதியிலேயே விட்டுவிடும், ஒன்று அடியில் போய்ச் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. சினிமாவில் வருவதுபோல் சிலிண்டரை ஒரு உதறு உதறி மூடாதீர்கள், அதைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும்.

மகனைப் பற்றி. கடினமான ட்ரிகர் என்பதால் குழந்தையால் அழுத்த முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினால் ஒன்பது வயதுப் பையனால் முடியும். சுவரிலோ தரையிலோ திருகிப் பொருத்திய சின்ன இரும்புப் பெட்டி, ரகசிய எண் பட்டன்களை அழுத்தித் திறக்கும் வகை, அது துப்பாக்கியோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள். மறைத்து வைப்பது பூட்டி வைப்பது ஆகாது. பிள்ளைகளுக்கு வீட்டில் தெரியாத இடமே கிடையாது. அவனிடம் மறைக்காமல் பேசுங்கள். எங்கே துப்பாக்கியைப் பார்த்தாலும், நண்பன் வீட்டிலாக இருந்தாலும், தொடாமல் அந்த இடத்தை விட்டு வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று பல முறை சொல்ல வைத்துப் பழக்குங்கள்.

எதையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். துப்பாக்கியை வாடகைக்குத் தரும் சுடுதளமாகப் பார்த்து, எஸ்பி101-ஓ 640-ஓ எடுத்து, வாட்கட்டர் தோட்டாவில் இருபத்தைந்து சுடுங்கள். அதற்கு மேல் அன்று வேண்டாம். மறுநாள் காலை எழுந்ததும் மணிக்கட்டைச் சுழற்றிப் பாருங்கள். வலிக்கவில்லை என்றால் அதை வாங்கலாம். வலித்தால் எல்சிஆரில் .327 ஃபெடரல் மேக்னம் வகை இருக்கிறதா கேளுங்கள். ஆறு தோட்டா கொள்ளும், அதில் உதை குறைந்த .32 தோட்டாக்களைப் போடலாம். அதுவும் வலித்தால் கடைசியாக எட்டுத் தோட்டா கொள்ளும் .22 ரிவால்வர். அதில் ஒன்றிரண்டு தோட்டா வெடிக்காமல் போகும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ட்ரிகரும் சற்றுக் கடினம், ஆனாலும் வலியில்லாமல் எட்டையும் குறியில் வைக்க முடிந்தால் உங்களுக்கு அதுவே போதும். மூன்றில் எது என்று மணிக்கட்டு சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள், ஹோல்ஸ்டரை அதற்கேற்ப முடிவு செய்யலாம்.